முந்நூற்று ஒன்பது, பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

எழுத்து கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பீங்கான் மேல் எழுதிப் பழகின கை இது. பேப்பரில் எழுதினால் வழுக்கிக்கொண்டு போகிறது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். மறதியும் உண்டு. எது முன்னாடி நடந்தது, எது பின்னாடி நடந்தது என்று சமயத்தில் மாறிப்போகும். ஆனால் இந்த ஒரு சமாச்சாரத்தை நினைத்தால் அடுப்பங்கரையில் நிற்கும்போதுகூட தானாகச் சிரிப்பு வந்துவிடுகிறது. அதனால் தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

நடந்தது 2008-ஆம் வருஷம், பங்குனி மாசம். அப்போது நான் விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கிற எஸ்டேட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்களுடையது சின்ன யூனிட்தான். பொம்மை, கப், ஊறுகாய் ஜாடி இதெல்லாம் செய்வோம். சொந்தமாகச் சூளை கிடையாது. எஸ்டேட்டுக்குப் பொதுவாக ஒரு சூளை இருந்தது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு முறை வரும். நம் முறைக்குச் சாமானை அடுக்கி, சூளைக்குள் போகிற தள்ளுவண்டியில் ஏற்றிவிட வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த வாரம்தான்.

அங்கே எனக்கு வருஷக்கணக்காக ஒரே வேலை, அடி துடைக்கிறது. பளபளப்புக்காகக் கப்பைக் கிளேஸ் என்கிற கரைசலில் முக்கி எடுத்ததும் அடியில் ஒட்டின கிளேஸை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சூளையில் உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். என் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் கப்பைக் கவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும். யார் கவிழ்த்துப் பார்க்கிறார்கள்? கூச்ச சுபாவம் உள்ள எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. கடையில் சாமான் வாங்கப் போனால்கூட, முன்னால் நிற்கிறவர்கள் எல்லாம் போகட்டும் என்று ஓரமாக நிற்கிற ஆள் நான்.

அந்த வருஷம், பொம்மைக்குக் கண் எழுதுகிற பெண் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். முதலாளியம்மா எல்லார் கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். அவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, உங்க கைதான் ஆடாம நிக்குது. நீங்க பிரஷ்ஷப் புடிங்க."

முதல் வாரம் நான் எழுதின கிருஷ்ணருக்கெல்லாம் கண் ஒரு பக்கமாகப் போயிற்று. அச்சில் மண் ஊற்றுகிறவள் ஒருத்தி இருந்தாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினம் பஸ்ஸில் வருவாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஒரு கிருஷ்ணரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏங்க்கா, இந்த சாமி வெண்ணெயப் பாக்காம என்னையே பாக்குது. எங்க வூட்டுக்காரரு கிட்ட சொல்லட்டுமா?" என்றாள். நான் வெட்கத்தில் தலையே தூக்கவில்லை. ஆனால் ரெண்டாவது வாரம் கண் நேராக வந்தது. மூணாவது வாரம் அந்தக் கண் சிரித்தது.

அதற்கப்புறம் எனக்கு அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மனசே வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் அடியைத் துடைத்த எனக்கு, முகத்தில் எழுதுவது என்பது என்னவோ வேறு மாதிரி இருந்தது. நான் எழுதினதை முன்பின் தெரியாதவர்கள் பார்ப்பார்கள். ஆனால் என்னைப் பார்க்க மாட்டார்கள். என்னைப் போன்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிரசவத்துக்குப் போன பெண் வந்தால் ஸ்டூலும் போய்விடும் என்று பயம். முதலாளியம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார் போல. "கப் ஆர்டர் ஒண்ணு வருது அக்கா. எல்லாம் கையால எழுதற வேலை. அது நல்லபடியா போச்சின்னா உங்களுக்குன்னு தனியா ஒரு ஸ்டூல் போட்டுடறேன். அந்தப் பொண்ணு வந்தா ரெண்டு பேரா உக்காந்து எழுதுங்க. இல்லன்னா..." என்று நிறுத்திவிட்டார். இல்லையென்றால் ஸ்பாஞ்சுதான். அவர் சொல்லாமலேயே எனக்குத் தெரியும்.

அந்த ஆர்டரைக் கொண்டுவந்தவர் மங்கலம்பேட்டை பாய். பல வருஷம் துபாய்ப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்து, ஊரில் ஃபேன்ஸி கடை வைத்திருந்தார். கிரிக்கெட் பைத்தியம். வருஷா வருஷம் சுற்று வட்டாரத்துப் பையன்களுக்கு டோர்னமென்ட் நடத்துவார். எப்பவும் கொடுக்கிற எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், இந்த வருஷம் விளையாடுகிற அத்தனை பேருக்கும் பீங்கான் கப் கொடுக்கிறேன் என்று வந்தார். கப்பில் ஒரு பேட், ஒரு பந்து. அதற்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்று கேட்டதற்கு, பர்ஸிலிருந்து பழைய பேப்பர் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் 400 என்று போட்டு, பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் இருந்தது.

"டெஸ்ட் மேட்ச்சுல ஒரே ஆளு ஒரே இன்னிங்ஸ்ல அடிச்சதும்மா. வெஸ்ட் இண்டீஸ் ஆளு. உலகத்துல இதான் பெருசு. நாலு வருஷம் ஆச்சு, யாரும் தாண்டல. இதப் பாத்து எங்க பசங்களுக்கு ஒரு ரோஷம் வரணும்" என்றார் பாய்.

அந்த நட்சத்திரம் எதற்கு என்று எனக்குக் கேட்க ஆசை. வெளி ஆம்பளையிடம் எப்படிக் கேட்பது? வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் எங்கள் யூனிட்டுக்கு எதிர் கம்பெனியில் வாட்ச்மேன். கிரிக்கெட் நடக்கிற நாளில் கழுத்தில் டிரான்சிஸ்டர் தொங்கும். ரேடியோவில் இங்கிலீஷிலும் இந்தியிலும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். அவருக்கு ரெண்டும் தெரியாது. ரன்னுக்கு உண்டான இங்கிலீஷ் எண் மட்டும் புரியும். மீதியைக் கூட்டம் கத்துகிறதை வைத்துச் சொல்லிவிடுவார்.

"அதுவா? ஆட்டம் முடிஞ்சி போச்சி, ஆனா ஆளு அவுட் ஆவல. அவன யாராலயும் வெளிய அனுப்ப முடியல. அதுக்குத்தான் புள்ள அந்த நட்சத்திரம்" என்றார்.

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. உடைந்த கப் துண்டுகளில் நட்சத்திரம் போட்டுப் போட்டுப் பழகினேன். நாலையும் சுழியையும்விட அந்த நட்சத்திரம்தான் கஷ்டம். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுக்கும்போது பிரஷ் கொஞ்சம் அழுந்தினாலும் எட்டுக்கால் பூச்சியாகிவிடும்.

எங்கள் முறை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. ஆறு மணிக்குச் சூளை வண்டி கிளம்பிவிடும். முதல் சூட்டில் வெந்து வந்த கப்பை நாங்கள் பிஸ்கட் என்போம். அந்த வெள்ளை பிஸ்கட் மேல் நீலக் கலரில் எழுதி, கிளேஸில் முக்கி, மறுபடி சூளைக்கு அனுப்ப வேண்டும். எழுதும்போது அந்தக் கலர் நீலமாகவே இருக்காது, சாம்பல் குழைத்த மாதிரி இருக்கும். வெந்து வந்தால்தான் நீலம் தெரியும். காலையிலேயே உட்கார்ந்து ஒரு பலகை கப்புக்கு 400, நட்சத்திரம், 400, நட்சத்திரம் என்று எழுதி முடித்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் மெட்ராஸில் டெஸ்ட் மேட்ச்சில் மூணாவது நாள். தென்னாப்பிரிக்கா முதலில் ஆடி ஐந்நூறுக்கு மேல் அடித்திருந்தார்கள். நம் பக்கத்தில் முதலில் இறங்குகிற ஆட்டக்காரர் முந்தின நாள் சாயங்காலமே அம்பது தாண்டிவிட்டு, அன்றைக்குக் காலையில் மறுபடி ஆட வந்திருந்தார். எங்க வீட்டுக்காரர் ரோட்டைத் தாண்டி வந்து எங்கள் ஜன்னலில் தலையை நீட்டி ரன் சொல்லிவிட்டுப் போவார். அச்சுக்காரி மேஜை மேல் படிந்திருந்த வெள்ளைத் தூசியில் விரலால் எழுதிவைப்பாள்.

"நூறு!" என்றார் ஒரு தடவை. கொஞ்ச நேரம் கழித்து, "நூத்தம்பதாம்!" சோறு தின்றுவிட்டுக் கை கழுவும்போது மறுபடி தலை தெரிந்தது. "அவன் ஆடல, தோசை சுடறான்! நின்னு பாக்கறதெல்லாம் கெடையாது. போட்டா பவுண்டரி."

"அண்ணே, உங்க கேட்ட யாரு பாக்கறது?" என்றாள் அச்சுக்காரி.

"இன்னிக்கி திருடனும் ரேடியோகிட்டதான் உக்காந்திருப்பான், போம்மா" என்று போய்விட்டார்.

மத்தியானத் தொழுகை முடித்துவிட்டு மங்கலம்பேட்டை பாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, நிறுத்துங்க நிறுத்துங்க! நானூற எழுதாதீங்க. பழசாயிடப் போவுது!"

ஆள் அப்போது இருநூறை நெருங்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நாலு வருஷம் முன்னாடி பாகிஸ்தானில் சிக்ஸர் அடித்து முந்நூறைத் தொட்ட ஆள் அவர்தான், இவரால் முடியும், நம் ஆள் உலகத்திலேயே பெரிய ரன்னை அடிக்கிற நேரத்தில் நாம் அடுத்த நாட்டுக்காரன் ரன்னைக் கப்பில் எழுதுவதா என்று பாய் படபடவென்று சொன்னார். சந்தோஷத்தில் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"சூளை வண்டி ஆறு மணிக்கு பாய். உங்க டோர்னமென்ட்டுக்கு வேணும்னா இன்னிக்கி அனுப்பியே ஆவணும்" என்றார் முதலாளியம்மா.

"ஆட்டம் அஞ்சு மணிக்கு முடிஞ்சிடும்மா. அதுக்குள்ள ஒரு முடிவு தெரிஞ்சிடும். நான் போன் பண்றேன்."

நான் காலையில் எழுதின ஒரு பலகையையும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க, நட்சத்திரத்தை அழிக்கிறோமே என்றுதான் இருந்தது.

அதற்கப்புறம் அந்த யூனிட்டில் யாரும் வேலை பார்க்கவில்லை. எங்க வீட்டுக்காரர் டிரான்சிஸ்டரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, வெளியே நின்று தன் கேட்டை ஒரு கண்ணாலும் எங்களை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மாவும் ரூமை விட்டு வந்து ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். ரேடியோவில் பேசுகிற ஒரு வார்த்தைகூட எங்களுக்குப் புரியவில்லை. கூட்டத்தின் சத்தம் மட்டும் புரிந்தது. மெட்ராஸில் கத்துகிறார்கள், இங்கே எங்களுக்கு மயிர்க்கூச்செறிகிறது. முந்நூறு வந்தபோது அந்தச் சின்னப் பெட்டி நடுங்கிற்று. அச்சுக்காரி கையில் கரைத்த மண் இருப்பதை மறந்து ஓங்கிக் கைதட்டினாள். எங்கள் எல்லார் முகத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. முதலாளியம்மா மூக்கு மேல் ஒன்று. இவ்வளவு சீக்கிரம் முந்நூறை யாரும் அடித்ததில்லை என்று ரேடியோவில் சொல்வதாக எங்க வீட்டுக்காரர் சொன்னார். எப்படிப் புரிந்ததோ தெரியாது. ஆனால் அது நிஜம்தான் என்று மறுநாள் பேப்பரில் வந்தது.

ஆட்டம் அன்றைக்கு நின்றபோது முந்நூற்று ஒன்பது. ஆள் அவுட் ஆகவில்லை. மறுநாள் காலையில் மறுபடி ஆடுவார்.

இப்போதுதான் பிரச்சினை. சூளை வண்டி மறுநாள் காலை வரைக்கும் நிற்காது. முதலாளியம்மாவின் செல்போன் அடித்தது, பாய்தான். சத்தமாகப் பேசுகிறவர் என்பதால் எங்களுக்கே கேட்டது. "401 போட்டுடுங்கம்மா! கண்ண மூடிக்கிட்டு போடுங்க! நாளைக்கி மத்தியானத்துக்குள்ள அடிச்சிடுவான்!"

"நானும் அதத்தான் சொல்றேன்" என்றார் எங்க வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து. "அவன் தூங்கி எழுந்து குளிச்சிட்டு வந்தா போதும். 401தான்."

அச்சுக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சூளைக்குள் போன சாமான் எத்தனை தேறும் என்று திறக்கிறதற்கு முன்னால் யாரும் எண்ணிக்கை சொல்ல மாட்டோம். எந்த வியாபாரி கேட்டாலும், "வேகட்டும், பாப்போம்" என்பதுதான் பதில். வெடிக்கிறது வெடிக்கும், கோணுகிறது கோணும், அதற்கு நாம் என்ன கணக்கு சொல்வது? "அண்ணே, வேகறதுக்கு முன்னாடியே எண்ணிக்கை சொல்லுவீங்களா? நீங்க கேட்டப் பாக்கற ஆளு, உங்களுக்கு சூளையப் பத்தி இன்னா தெரியும்?" என்றாள்.

"இது கிரிக்கெட்டும்மா!"

"எல்லாம் சூளைதாண்ணே!"

முதலாளியம்மா மணியைப் பார்த்தார். "அக்கா, 401 எழுதுங்க. நேரமாவுது."

நான் கப்பைக் கையில் எடுத்தேன். பிரஷ்ஷைக் கலரில் தொட்டேன். கை கீழே இறங்கவில்லை. அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. எதிர்த்துப் பேச வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. நிஜமாகவே ஒரு சந்தேகம் வந்தது, கேட்டேன்.

"401 எழுதினா, பக்கத்துல நட்சத்திரம் போடணுமா, வேணாமா?"

முதலாளியம்மா எங்க வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"போடு" என்றார் எங்க வீட்டுக்காரர். உடனே, "இரு இரு. 401-லயே அவுட் ஆயிட்டான்னா? வேணாம். போடாத." அப்புறம், "போடாம வுட்டு அவன் அவுட் ஆவலன்னா? இரு, யோசிக்க வுடு."

முதலாளியம்மா போனில் கேட்டார். "பாய், அவுட்டா, அவுட் இல்லையான்னு கேக்கறாங்க. நட்சத்திரம் உண்டா?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று முதலாளியம்மா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அப்புறம் பாய் என்னவோ சொன்னார். முதலாளியம்மா சிரித்துக்கொண்டே போனை என் பக்கம் நீட்டினார். "உங்ககிட்டதான் பேசணுமாம்."

அதுவரைக்கும் நான் போனில் என் மகள், மருமகனைத் தவிர யாரிடமும் பேசினது கிடையாது. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

"சொல்லுங்கம்மா, நீங்க இன்னா எழுதலாங்கறீங்க?" என்றார் பாய்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "நாளைக்கி அவரு இன்னா எடுப்பாருன்னு எனக்குத் தெரியாதுங்க. இன்னிக்கி எடுத்தது தெரியும். இன்னிக்கி அவரு அவுட் ஆவலன்றதும் தெரியும். அத எழுதிடறேனே. 309. பக்கத்துல நட்சத்திரம்."

பாய் ஒத்துக்கொண்டார். "சரிம்மா. ஆனா நாளைக்கி அவன் 401 அடிச்சிட்டான்னு வச்சிக்கங்க, எங்க பசங்க என்ன ஊருக்குள்ள வுட மாட்டாங்க. அப்ப நான் உங்க பேரத்தான் சொல்லுவேன். எழுதினது நீங்க, பொறுப்பு நீங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

எழுத ஆரம்பித்தேன். மூணு, சுழி, ஒன்பது, நட்சத்திரம். ஒருத்தி கிளேஸில் முக்க, ஒருத்தி அடி துடைக்க, ஒருத்தி பலகையில் அடுக்க, முதலாளியம்மாவே தூக்கிக்கொண்டு ஓடினார். நான் இவ்வளவு வேகமாக வேலை செய்ததே கிடையாது. கடைசியில், பிடிக்கிற காது ஒரு பக்கம் கோணலாக ஒட்டின கப் ஒன்று மிச்சம் இருந்தது. ஆர்டருக்கு ஆகாது. எங்க வீட்டுக்காரர் ஜன்னலுக்குள் கையை நீட்டி, "அதுல எனக்கு 401 எழுதிக் குடு புள்ள. நாளைக்கி நீங்கள்லாம் பாத்து அழுவணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

"நட்சத்திரம் எங்க?"

"அவுட்டா இல்லியான்னு நீங்க இன்னும் சொல்லலியே."

அச்சுக்காரி அந்த ஒரு கப்பை மட்டும், மற்ற கப்புகளின் கண்ணில் படக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. சூளை எரிந்துகொண்டிருந்தது, மெட்ராஸில் ஆட்டமும் ஆரம்பித்தது. எனக்கு என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. நம் ஆள் உலகத்திலேயே பெரிய ரன்னை எடுக்க வேண்டும் என்றும் ஆசை. எடுத்தால் என் கப்பெல்லாம் பழசு. ஸ்டூலும் போய்விடும். கடைசியில், அவர் நன்றாக ஆடட்டும், என் ஸ்டூலும் இருக்கட்டும் என்று எங்க ஊர்ப் பழமலைநாதர் கோயில் இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டேன். சாமிக்கே குழம்பியிருக்கும்.

டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. எங்க வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வந்தார். டிரான்சிஸ்டர் சத்தம் இல்லை.

"போயிட்டான்" என்றார். "பத்து ரன்னு சேத்தான், போயிட்டான். 319."

எல்லாரும் உச்சுக் கொட்டினோம். எனக்கும் நிஜமாகவே மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அச்சுக்காரிதான் முதலில் தேறினாள். "அண்ணே, உங்க 401 உள்ள வெந்துக்கிட்டு இருக்குது. சூடா வாங்கிக்கிங்க" என்றாள். அவர் தன் கேட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்துக்கொண்டிருக்கும்போது முதலாளியம்மா யோசனையாகச் சொன்னார்.

"அக்கா, அப்ப கப்புல 319ன்னுதான இருக்கணும்?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. ஆமாம்தானே? 401-உம் இல்லை, 400-உம் இல்லை, 319-உம் இல்லை. நான் எழுதினது 309. ஆட்டம் முடிந்த பிறகு அந்த மேட்ச்சின் கணக்கில் அந்த எண் இருக்காது. நட்சத்திரம் வேறு போட்டிருக்கிறேன். ஆளோ அவுட். எழுதினது நீங்க, பொறுப்பு நீங்க என்று பாய் சொன்னது காதிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் ஸ்பாஞ்ச் மாதிரி எதைப் பார்த்தாலும் என்னைக் கூப்பிடுவது போல இருந்தது.

திங்கட்கிழமை சூளை ஆறி, வண்டி வெளியே வந்தது. கப் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. சாம்பலாக எழுதினது அத்தனையும் நல்ல நீலமாக எழுந்து நின்றது. ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்த்தோம். டிங் என்று கேட்டால் விரிசல் இல்லை. எல்லாம் டிங். சில கப்பில் மட்டும் நட்சத்திரம் சூட்டில் கொஞ்சம் உருகி, சின்னப் பூ மாதிரி ஆகியிருந்தது.

பாய் நாலைந்து பையன்களோடு ஒரு டாட்டா ஏஸில் வந்தார். டோர்னமென்ட்டில் ஆடுகிறவர்கள்தான். எல்லாருக்கும் மீசை முளைத்த வயசு. நான் கதவுக்குப் பின்னால் பலகைகளை அடுக்குவது போல நின்றுகொண்டேன்.

ஒருவன் கப்பை எடுத்தான். "பாய், இன்னா இது? 319 தான அடிச்சான்? பத்து ரன்ன சூளை தின்னுடுச்சா?"

எல்லாரும் ஹோ என்று சிரித்தார்கள். இன்னொருவன், "நட்சத்திரம் வேற போட்டிருக்குது பாரு. அவுட் ஆனவனுக்கு எதுக்குடா நட்சத்திரம்?" என்றான். முதலாளியம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பாய் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எழுதின அம்மா, வெளிய வாங்க. பசங்க கேக்கறாங்க பாருங்க, சொல்லுங்க" என்றார்.

போனிலாவது ஒருத்தர்தான். இங்கே இத்தனை பேர். வெளியே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நான் எழுதும்போது அவரு அவுட் ஆவலப்பா. சூளைக்குப் போவும்போதும் ஆவல. இதுல இருக்கறது வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

பையன்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கப்பைப் பார்த்தார்கள். முதலில் கேட்டவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப இந்தக் கப்புல அவன் எப்பவுமே அவுட் ஆவ மாட்டானா?"

நான் பதில் தேடுவதற்குள் உள்ளேயிருந்து அச்சுக்காரி கத்தினாள். "கீழ போட்டின்னா அவுட்டு!"

அந்தச் சிரிப்பு எஸ்டேட் முழுக்கக் கேட்டிருக்கும். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாட்டா ஏஸ் மேல் சாய்ந்துவிட்டார். எங்க வீட்டுக்காரர் என்னவோ ஆகிவிட்டது என்று ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார். பையன்களுக்கு அது எப்படிப் பிடித்துப்போயிற்று என்று சொல்ல முடியாது. கப்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "டேய், தள்ளுடா, அவுட் ஆக்கிடாத" என்று ஒருத்தனை ஒருத்தன் விரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பாய் அங்கேயே சட்டம் போட்டார். யார் கையில் கப் உடைகிறதோ, அவன்தான் ஆளை அவுட் ஆக்கினவன். டீமுக்கே அவன் டீ வாங்கித் தர வேண்டும்.

அட்டைப் பெட்டியில் வைக்கோல் போட்டுக் கப்பை எல்லாம் அடுக்கும்போது, அவ்வளவு பதவிசாகச் சாமான் ஏற்றின ஆம்பளைப் பையன்களை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மறுநாள் நான் வேலைக்குப் போனபோது ஜன்னலோரம் புது ஸ்டூல் இருந்தது. நேராகப் போய் உட்கார்ந்துகொண்டேன். பிரசவத்துக்குப் போன பெண் குழந்தையோடு திரும்பி வந்ததும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அடுத்த வருஷமும் பாய் கப்புக்கு வந்தார். என்ன எழுத வேண்டும் என்று முதலாளியம்மா கேட்டதற்கு, "அந்த அம்மாவையே கேளுங்க, அவங்க சொன்னா சரியா இருக்கும்" என்றாராம். எனக்குக் கிரிக்கெட்டில் ஒன்றும் தெரியாது என்று கடைசி வரைக்கும் அவர் நம்பவே இல்லை.

கோணல் காது 401 கப் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. எங்க வீட்டுக்காரர் அதில்தான் டீ குடிக்கிறார். வருகிறவர்கள் அது என்ன 401 என்று கேட்டால், "உலக ரெக்கார்டு. நான் ஒருத்தன்தான் எடுத்திருக்கேன்" என்பார். நட்சத்திரம் இல்லையே என்று நான் சொன்னால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

எனக்கு ஞாபகம் இருக்கிற மட்டும் எழுதிவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை சரி பாருங்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமைதானா, மறுநாள் அவர் சேர்த்தது பத்து ரன்தானா, அந்த வெஸ்ட் இண்டீஸ்காரரின் நானூறை இன்னும் யாரும் தாண்டவில்லை என்று எங்க வீட்டுக்காரர் சொல்கிறாரே அது நிஜமா என்று பாருங்கள். தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். அப்படியே மங்கலம்பேட்டைப் பக்கம் யார் வீட்டிலாவது நீலத்தில் 309 எழுதின கப் இருந்தால், கொஞ்சம் எடுத்துப் பார்த்து, அவர் இன்னும் அவுட் ஆகாமல் இருக்கிறாரா என்று எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எடுக்கும்போது ரெண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.